உடுவிலில் ஒரு பெண்கள் பாடசாலை

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியாக வடக்கே ஏறக்குறைய ஐந்து மைல் சென்று, மருதனார்மடச் சந்தியில் மேற்கே திரும்பினால் உடுவில் என்னும் ஊர் வரும். செம்மண் தோட்டங்களும், அவற்றை நனைக்கும் கிணறுகளும், பனையும் வேம்பும் நிறைந்த வளவுகளும் கொண்ட ஊர் அது. வலிகாமத்தில் இத்தகைய ஊர்கள் பல உண்டு. அவற்றினின்றும் உடுவிலைப் பிரித்துக் காட்டுவது 1824ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பெற்ற பெண்கள் பாடசாலையாகும். பெண்பிள்ளைகள் தங்கியிருந்து படிப்பதற்கென ஆசியாவில் எழுந்த பாடசாலைகளுள் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. 2024ஆம் ஆண்டில் அதற்கு இருநூறாண்டு நிறைந்தது.

பாடசாலை சமுதாயத்தை மாற்றுகின்றது என்று மேடைகளிற் சொல்வது எளிது. அம்மாற்றம் எவ்வழியாய் நிகழ்கின்றது என்று காட்டுவது அத்துணை எளிதன்று. பாடப்புத்தகத்தினாலா, ஆசிரியர் வாய்ச்சொல்லினாலா, அல்லது உண்பதும் உறங்குவதும் உடுப்பதுமாகிய அன்றாட ஒழுங்குகளினாலா? கற்றவர்கள் பின்னர் வேலைக்குப் போகும் இடங்களில் அக்கல்வி என்ன செய்கின்றது? எல்லாவற்றுக்கும் மேலாக, கல்வி கற்பித்துப் பெண்களை உயர்த்தும் ஒரு நிலையம், அப்பெண்களிடமே தன் தலைமையை ஒப்படைக்க எத்தனை காலம் எடுக்கின்றது? கல்வியாராய்ச்சியாளர் கேட்கும் இவ்வினாக்களுக்கு உடுவிலின் வரலாறு விடை தருகின்றது. அவ்விடைகளிற் சில பெருமை தருவன. சில சங்கடம் தருவன.

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்திற்கு வந்தது 1816ஆம் ஆண்டில். நான்காண்டுகளின் பின், 1820இல், மிறன் வின்ஸ்லோவும் அவர் மனைவியார் ஹரியற் வின்ஸ்லோவும் உடுவிலில் நிலைகொண்டனர். அதே ஆண்டில் அவர்களுக்கு ஓர் இடையூறு நேர்ந்தது. அச்சுத்தொழில் தெரிந்த அமெரிக்கர் ஒருவர் இலங்கைக்கு வந்தபோது, ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வேட் பாண்ஸ் அவருக்குத் தங்க இடங்கொடாது மறுத்துவிட்டார். புதிய அமெரிக்கர் எவரும் வந்து சேரலாகாது என்ற அத்தடை 1833 வரை நீங்கவில்லை. வெளியிலிருந்து ஆள் வாராதெனின் உள்ளூரிலிருந்தே ஆளை உண்டாக்கல் வேண்டும். 1823இல் வட்டுக்கோட்டையில் ஆண்பிள்ளைகளுக்கான செமினரி எழுந்ததற்கு இத்தேவையும் ஒரு காரணம். அங்கே வானசாத்திரமும் கணிதமும் ஆங்கிலமும் கற்று வெளிவரும் இளைஞனுக்கு எழுத்தறியாத பெண்ணொருத்தி மனைவியாக வாய்த்தால் இல்லம் பழையபடியே நடக்கும் என்று மிஷனரிமார் கருதினர். ஆகவே மறு ஆண்டில் உடுவிற் பாடசாலை தோன்றிற்று. இதனை மறைத்துப் பயனில்லை. பெண்ணின் உரிமைக்காக அன்று, படித்த ஆடவனுக்குத் தக்க துணை தேடுவதற்காகவே அப்பாடசாலையின் கதவு திறக்கப்பட்டது.

முதன் மாணவியர் வந்து சேர்ந்த விதம் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் கதையொன்று உண்டு. தையல் பழக வந்த இரண்டு சிறுமியர் ஒரு மாலையிற் பெருமழையில் அகப்பட்டுக்கொண்டனர். வீடு திரும்ப வழியில்லை. வின்ஸ்லோ அம்மையார் வீட்டிலேயே இரவு தங்கினர். பசி பொறாது உணவும் உண்டனர். விடிந்ததும் தேடிவந்த தந்தை சினங்கொண்டார். பிள்ளை மழையில் தங்கியதை அவர் பொறுத்திருப்பார். உண்டதைத்தான் அவரால் பொறுக்க இயலவில்லை. பின்னர் தம் மகள் மணலில் எழுத்தெழுதக் கண்டு வியந்து, அவளைப் படிக்க விட இணங்கினாராம்.

கதையின் நுணுக்கங்கள் எவ்வாறிருப்பினும் அதன் மையம் மெய்யானது. அக்காலத்து யாழ்ப்பாணத்தில் எழுத்தைக் காட்டிலும் சோறே பெருந்தடை. யார் சமைத்தது, எந்த வளவிற் சமைத்தது என்பவை சாதியொழுக்கத்தின் அச்சாணிகள். வட்டுக்கோட்டையில் ஆண்பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கியபோதும், அவர்களுக்கான சமையற்கட்டை மிஷன் வளவுக்கு வெளியே வைக்க வேண்டியிருந்தது. உண்ணுதல் என்னும் எல்லையைக் கடந்தபின், எழுத்துக் கற்றல் என்னும் எல்லை தானாகவே நெகிழ்ந்தது. நிலையத்தின் அன்றாட ஒழுங்கு பாடத்தைவிட வலியது என்று இன்றைய ஆராய்ச்சியாளர் சொல்வதை, அந்தத் தந்தை ஆராய்ச்சி ஒன்றும் இல்லாமலே உணர்ந்திருந்தார்.

ஹரியற் அம்மையார் 1833ஆம் ஆண்டு தைத் திங்களில், தம் 36ஆம் வயதில், உடுவிலிலேயே காலமானார். தமிழ்-ஆங்கில அகராதியால் இன்றும் நினைக்கப்படும் மிறன் வின்ஸ்லோ பின்னர் சென்னைக்குச் சென்றார். அவ்வகராதி 1862இல் வெளிவந்தது. அகராதி செய்த கணவரைத் தமிழுலகம் அறியும். பாடசாலை செய்த மனைவியை யாழ்ப்பாணத்துக்கு அப்பால் அறிந்தோர் சிலரே. 1953 முதல் 1959 வரை அமெரிக்க இராசாங்க அமைச்சராய் இருந்த ஜோன் பொஸ்டர் டலஸ் அவ்வம்மையாருடைய மகள் வழிக் கொள்ளுப்பேரன் என்பதும் பலர் அறியாத செய்தி.

தொடக்க காலத்தில் மாணவியர்க்கு உணவும் உடையும் தங்குமிடமும் இலவசம். படிப்பை முடித்துக் கிறித்தவ இளைஞனை மணப்பவளுக்கு மிஷன் சிறியதொரு சீதனமும் கொடுத்தது. சீதன வழக்கத்தைக் குறைகூறிய மிஷனரிமாரே சீதனம் கொடுத்தனர் என்பது நகைப்புக்கிடமாய்த் தோன்றலாம். ஆனால் ஊர் ஒப்புக்கொண்ட நாணயத்திற்றானே ஊரில் எதையும் வாங்க முடியும்? இதற்கொரு விலையும் இருந்தது. அமெரிக்காவிலிருந்து பணம் அனுப்பிய அன்பர்களின் பெயர்கள் மாணவர்க்கும் மாணவியர்க்கும் சூட்டப்பட்டன. ஒருத்தி எழுதப்படிக்கக் கற்ற அதே காலத்தில், தாய் தந்தையர் இட்ட பெயரை இழந்தாள். தன் கையால் அவள் முதன்முதல் எழுதிய பெயர் கடலுக்கு அப்பால் உள்ள வேறொருத்தியின் பெயராக இருந்திருக்கக் கூடும்.

வின்ஸ்லோ அம்மையாருக்குப் பின் ஸ்போல்டிங் அம்மையார் பாடசாலையைத் தாங்கினார். 1840இல் எலைசா அக்னியூ என்னும் நியூயோர்க் நகரத்து ஆசிரியை வந்து சேர்ந்தார். சுமார் நாற்பதாண்டுக் காலம், 1879 வரை, அவர் உடுவிலை விட்டு அகலவில்லை. இடையில் ஒருமுறையேனும் தாய்நாடு சென்று வந்தாருமில்லை. தாயும், மகளும், பேத்தியுமாக மூன்று தலைமுறையினர் அவரிடம் கற்றனர். விடுமுறை நாட்களில் ஊரூராய்ச் சென்று பழைய மாணவியரை வீட்டுத் திண்ணையிற் சந்திப்பது அவர் வழக்கம். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அவரைக் குறிப்பிடுவர். 1883இல் யாழ்ப்பாணத்திலேயே அவர் மறைந்தார்.

அவர் கற்பித்த பாடங்களுள் வேதாகமமும் எழுத்தும் கணக்கும் தையலும் இருந்தன. கால அட்டவணையில் இல்லாத ஒரு பாடமும் இருந்தது. அக்னியூ அம்மையார் மணமாகாதவர். தந்தை பெயராலோ கணவன் பெயராலோ அன்றித் தாம் செய்யும் தொழிலாலேயே அறியப்பட்ட ஒரு பெண்ணை, ஏவலும் கண்காணிப்பும் நியாயத் தீர்ப்பும் நாள்தோறும் தாமே நடத்தும் ஒரு பெண்ணை, விடுதிப் பிள்ளைகள் காலை முதல் இரவு வரை கண்டுகொண்டிருந்தனர். மனைவியரை உருவாக்க எழுந்த பாடசாலையின் நடுவில், மனைவியாகாத ஒருத்தி தலைவியாக அமர்ந்திருந்தாள். சொல்லாத பாடம் சொன்ன பாடத்துக்கு எதிராக நின்ற இடம் அது.

எனினும் அத்தலைமைக்கு எல்லை உண்டு. மிஷனின் தலைமைச் சபை பொஸ்ரன் நகரில் இருந்தது. 1855ஆம் ஆண்டில் அங்கிருந்து வந்த தூதுக்குழு, ஆங்கிலக் கல்வி மிஷனின் நோக்கத்துக்குத் துணைசெய்யவில்லை என்று கண்டு, வட்டுக்கோட்டைச் செமினரியை மூடுவித்தது; உடுவிலிலும் ஆங்கிலம் நின்றது. செமினரியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறியதைக் கொண்டு, மூடப்பட்டது எத்தகைய நிலையம் என்று அறியலாம். ஆடவர்க்கு இந்தியாவுக்குச் செல்லும் வழி இருந்தது. உடுவிற் பெண்களுக்கு அவ்வழியும் இல்லை. பாடசாலையில் அன்றாடம் உழைத்தோர் பெண்கள். அதன் போக்கை நிருணயித்தோர் பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்த ஆடவர்.

உடுவிலிற் கற்ற பெண்கள் என்ன ஆனார்கள்? பலர் மணமுடித்து இல்லறம் நடத்தினர். அவர்களுள் ஒரு பகுதியினர் ஊர்ப் பாடசாலைகளில் உபாத்தியாயினிகள் ஆயினர். வேறு சிலர் வீடுவீடாய்ச் சென்று பெண்களுக்கு வேதாகமம் வாசித்துக் காட்டும் பணியேற்றுச் சம்பளம் பெற்றனர். நல்ல குடியிற் பிறந்த பெண் கூலிக்கு வேலை செய்வதா என்று முகஞ்சுளித்த ஊர், ஆசிரியத் தொழிலை மட்டும் மெல்ல மெல்ல மதிப்பான தொழிலென ஏற்றுக்கொண்டது. மருத்துவத்தில் அவ்வளவு விரைவு காணப்படவில்லை. மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் தமிழில் மேனாட்டு மருத்துவம் கற்பித்து உருவாக்கியவர்கள் ஆடவரே. 1898இல் உடுவிலுக்கு அயலூராகிய இணுவிலில் மகளிர்க்கும் குழந்தைகளுக்குமான மக்லியொட் வைத்தியசாலை எழுந்த பின்னரே தாதித் தொழிற் பயிற்சி யாழ்ப்பாணத்துப் பெண்ணின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. இரத்தத்தையும் தீட்டையும் தொடும் வேலை என்ற தயக்கம் அப்போதும் உடனே மறையவில்லை. வேலைத்தலம் மாறினால் பழைய அச்சம் புதிய உருவெடுக்கும். பாடசாலையில் அது சோறாய் நின்றது. வைத்தியசாலையில் தொடுகையாய் நின்றது.

வேலைக்குச் செல்லாத பெண்ணுக்கும் அவ்வெழுத்து வீண்போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்து ஆடவர் மலாயாவுக்குப் புகையிரதப் பகுதி எழுதுவினைஞராகவும் நில அளவைக் கந்தோர் உத்தியோகத்தராகவும் போகத் தொடங்கினர். அவர்கள் எழுதும் கடிதத்தை அயலானிடம் கொடுத்து வாசிப்பிக்க வேண்டாத மனைவிக்கு வீட்டில் உண்டாகும் அதிகாரம் சிறிதன்று. 1914ஆம் ஆண்டில் மங்களநாயகம் தம்பையா என்னும் யாழ்ப்பாணப் பெண்மணி ‘நொறுங்குண்ட இருதயம்’ என்னும் நாவலை வெளியிட்டார். கடிதம் எழுதப் பழகிய சமூகத்திலிருந்தே கதை எழுதும் கை பிறக்கின்றது.

இவ்வரலாற்றை ஆராய்ந்தவர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. ரஞ்சித் ருபேரு 1962இல் வெளியிட்ட நூல், குடியேற்றக் காலக் கல்வியின் வளர்ச்சியைப் பாடசாலை, நிருவாகம், கொள்கை என்னும் வழியில் ஆராய்ந்தது. குமாரி ஜயவர்த்தன 1995இல் வெளியிட்ட நூலில், கீழைநாடுகளுக்கு வந்த மேனாட்டுப் பெண்கள் விடுதலையும் கொணர்ந்தனர், ஆதிக்கத்தின் நிழலையும் கொணர்ந்தனர் என்று இருபுறமும் நிறுத்துப் பார்த்தார். மாலதி டி அல்விஸ் இன்னும் நுட்பமாய் உடுவிலையே எடுத்துக்கொண்டார். விடுதியில் நடையும் உடையும் இருக்கையும் தையலும் எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டன, மரியாதைக்குரிய பெண் என்னும் உருவம் உடலிலேயே எவ்வாறு பதிக்கப்பட்டது என்பது அவர் ஆராய்ச்சியின் பொருள். ஊசியும் நூலும் பிழைப்புக்கு உதவின. அவையே பெண்ணைத் தலைகுனிந்து அமைதியாய் இருக்கவும் பழக்கின. இவ்விரண்டும் மெய். இதில் ஒன்றை மட்டும் எடுத்துப் பாராட்டுரையோ கண்டனவுரையோ எழுதுவோர் அரைவாசிக் கதையையே சொல்கின்றனர்.

உடுவிலுக்கு எதிர்வினையாக எழுந்த முயற்சியும் இங்கே கருதத்தக்கது. கிறித்தவப் பாடசாலைக்குப் பெண்பிள்ளையை அனுப்பினால் சமயம் போய்விடும் என்ற கவலை சைவப் பெருமக்களிடம் வளர்ந்து வந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913ஆம் ஆண்டில் மருதனார்மடத்தில், உடுவிலிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில், சைவப் பெண்களுக்கெனக் கல்லூரி ஒன்றை நிறுவினார். அக்கல்லூரியின் முதல் அதிபர் யார்? லண்டன் நாடக மேடையிற் புகழ்பெற்று, கவிஞர் யேற்சுக்கும் பேர்ணாட் ஷோவுக்கும் நண்பராய் விளங்கிய புளோரன்ஸ் பார் என்னும் அம்மையார். 1912இல் இலங்கைக்கு வந்த அவர், 1917இல் கொழும்பிற் காலமானார். பின்னர் அக்கல்லூரியைப் பல்லாண்டு காத்தவர், ஆஸ்திரேலியாவிற் பிறந்து இராமநாதனை மணந்த லீலாவதி அம்மையார்.

இச்செய்தியைச் சிறிது நின்று நோக்குதல் தகும். ஒருபுறம் அமெரிக்கக் கிறித்தவப் பாடசாலை. மறுபுறம் அதற்கு மாற்றாக எழுந்த சைவக் கல்லூரி. சமயத்தில், நோக்கத்தில், வழிபாட்டில் இரண்டும் வேறு. தலைமையில் மட்டும் இரண்டும் ஒன்றுபட்டன. பெண் கற்கலாம் என்பதை ஊர் ஒப்புக்கொண்டது. சில தலைமுறை கடந்து பெண் கற்பிக்கலாம் என்பதையும் ஒப்புக்கொண்டது. ஊரிற் பிறந்த பெண் ஒரு பெரிய நிலையத்தை ஆளலாம் என்பதை ஒப்புக்கொள்ளவே நெடுங்காலம் சென்றது. மிஷனைக் குறைகூறும் நாவு, இவ்விடத்தில் நம் ஊரையும் சேர்த்தே குறைகூற வேண்டும்.

1924இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் இயக்கம் சாதி வேற்றுமையை எதிர்த்துச் சமபோசனம், சமஆசனம் என்ற கோரிக்கைகளை முன்வைத்தது. உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருத்தல் வேண்டும் என்று 1930ஆம் ஆண்டையொட்டி அரசாங்கம் பணித்தபோது, யாழ்ப்பாணத்திற் சில பாடசாலைகள் தீக்கிரையாயின. மழையிரவில் சோறு உண்ட சிறுமியின் தந்தை கொண்ட சினம், நூறாண்டு கழிந்தும் ஆறவில்லை. அடுத்த ஆண்டு, 1931இல், இந்நாட்டில் ஆண் பெண் இருபாலார்க்கும் வாக்குரிமை வந்தது. வாக்குச் சாவடியில் ஒன்றாய் நிற்கும் மக்கள் வகுப்பறை வாங்கில் ஒன்றாய் இருக்க மறுத்தனர்.

உடுவிலின் தலைமைப் பீடம் 1940களின் தொடக்கத்திற்றான் இந்நாட்டுப் பெண்ணொருவரிடம் வந்தது. ஆரியம் பரமசாமி அம்மையார் அதிபராகி, 1970 வரை, ஏறத்தாழ முப்பதாண்டு அப்பொறுப்பை வகித்தார். பாடசாலை தொடங்கி நூற்றுப் பதினைந்து ஆண்டுக்கு மேல் கழிந்த பின்னரே இது நிகழ்ந்தது. அவர் காலம் எளிதான காலமன்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, மிஷன் ஊழியம் யாழ்ப்பாண ஆதீனத்தின் பொறுப்பாயிற்று. 1960இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கம் கையேற்கும் சட்டம் நிறைவேறிற்று. கையேற்க இணங்காத பாடசாலைகள் தனியே நிற்கலாம். ஆயின் அரசாங்கப் பணமும் இல்லை, பிள்ளைகளிடம் கட்டணம் அறவிடவும் இயலாது. உடுவில் தனியே நிற்பதைத் தெரிந்தது. அமெரிக்கப் பணத்தால் எழுந்த பாடசாலையைப் பழைய மாணவியரும் பெற்றோரும் திருச்சபையும் தாங்கிநின்ற காலம் அது. உள்ளூர்த் தலைமை என்பது நாற்காலியில் அமரும் ஆள் மாறுவது மட்டுமன்று என்பதற்கு இது சான்று. கடன் வாங்குவதும், சம்பளம் கொடுக்கும் நாளை எண்ணிக் கலங்குவதும், இல்லை என்று சொல்வதும் அதனுள் அடங்கும்.

அதன் பின் வந்த போர்க்காலத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1995 ஐப்பசி முடிவில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது உடுவிலும் வெறிச்சோடியது. மறு ஆண்டில் மக்கள் மீண்டனர். ஆடவரை இழந்த இல்லங்களிற் குடும்பத் தலைமை பெண்ணிடம் வந்து சேர்ந்தது. அத்தலைமையை எவரும் அவளுக்கு வழங்கவில்லை. பொறுப்பு வந்து விழுந்தது. பாடசாலையிலும் கந்தோரிலும் அவ்வாறு தானாக வந்து விழவில்லை. 1974இல் இராமநாதனின் பரமேசுவராக் கல்லூரி வளவிற் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், 2011இல்தான் முதன்முதலாக ஒரு பெண் துணைவேந்தரைக் கண்டது. இலங்கைப் பாடசாலை ஆசிரியருள் முக்காற் பங்கினர் அளவில் பெண்களாய் இருக்க, அதிபர் ஆசனங்களில் அவ்விகிதம் இன்னும் இல்லை. காரணம் கேட்டால் தூர இடத்து மாற்றம், மாலை வேளைக் கூட்டம், வீட்டுப் பொறுப்பு என்று பல சொல்லப்படுகின்றன. ஆசிரியை வீட்டுக்குச் சென்றபின் அடுப்பை யார் மூட்டுவது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வரை அவ்விகிதம் மாறுமென்று எதிர்பார்ப்பதற்கில்லை.

2016ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தையொட்டி உடுவில் மகளிர் கல்லூரியில் அதிபர் மாற்றம் பற்றிய சர்ச்சை எழுந்தது. மாணவியர் பலர் உண்ணாநோன்பிருந்து தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். செய்தி நாடெங்கும் பரவிற்று. பழைய மாணவியரும் பெற்றோரும் திருச்சபையினரும் ஊராரும் வெவ்வேறு பக்கம் நின்று வாதிட்டனர். அவ்வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பதைத் தீர்ப்பது இங்கே நோக்கமன்று. பதினைந்து பதினாறு வயதுப் பெண்பிள்ளைகள் கல்லூரி வாயிலில் அமர்ந்து, தங்களை வழிநடத்துபவரைத் தெரியும்போது தங்களையும் கேட்க வேண்டும் என்றனர். அடக்கம் இல்லாத பிள்ளைகள் என்று ஊரிற் சிலர் சொன்னார்கள். வேறு சிலர், இப்பிள்ளைகள் இதை எங்கே கற்றார்கள் என்று கேட்டார்கள். கற்ற இடம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது.